கணிப்பொறியும் கைம்மருந்தும்

எறணாகுளத்திலிருந்து வைப்பின் தீவுக்குப் பஸ்ஸில் செல்வோர் மூன்று பாலங்களைக் கடக்கவேண்டும். 2004-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கோஸ்ரீ பாலங்கள் அவை. முதற்பாலம் நகரத்தைப் போல்காட்டித் தீவோடு இணைக்கிறது; அடுத்தது போல்காட்டியை வல்லார்பாடத்தோடு இணைக்கிறது; மூன்றாவது வல்லார்பாடத்தை வைப்பினோடு இணைக்கிறது. வல்லார்பாடம் சிறிய தீவு. மாதா கோயிலுக்கு வரும் யாத்திரிகர்கள் அதனை அறிவர். 2011-இல் அங்கே கன்டெய்னர் துறைமுகம் அமைந்த பின்னர்க் கப்பல் வணிகரும் அறிவர். இங்கே பயிலும் நம்மவருட் பலர்க்கோ அது பஸ் ஜன்னலில் தோன்றி மறையும் ஓர் ஊர், அவ்வளவே. ஆனால் அவ்வூரை வைப்பினோடு இணைக்கும் பாலம் ஒருநாள் அடைபடுமானால், தென்வைப்பின் மக்கள் படகுக்குக் காத்திருக்க வேண்டும். அன்றேல் வடக்கே பறவூர் வரை சென்று சுற்றிவர வேண்டும். ஆகவே, வல்லார்பாடத்தின் பெருமை அதன் பரப்பினால் வந்ததன்று. எவற்றுக்கிடையே அது நிற்கிறது என்பதனால் வந்தது.

இந்த எளிய உண்மையிலிருந்தே வலைப்பின்னல் விஞ்ஞானம் என்னும் ஒரு பெருந்துறை முளைத்தது எனலாம். 1736-ஆம் ஆண்டில் ஆய்லர் என்ற கணித மேதை, கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒரு தடவைக்கு மேற்படாமல் கடந்து வர இயலுமா என்ற கேள்விக்கு, இயலாது என விடை கூறினார். நிலத்தை ஒரு புள்ளியாகவும் பாலத்தை ஒரு கோடாகவும் வரைந்துகொண்டமையே அவர் செய்த புதுமை. புள்ளியைக் கணு என்போம். கோட்டை இணைப்பு என்போம். இருபத்தாறு தசாப்தம் கழிந்து 1999-இல் பராபாசி, ஆல்பர்ட் என்னும் இருவர், இயற்கையிலும் சமுதாயத்திலும் காணப்படும் வலைகள் பலவற்றில் மிகச் சில கணுக்களே மிகப் பல இணைப்புகளைத் தாங்கி நிற்கின்றன என்று எழுதினர். அதன்பின் உயிரியலாரும் மருத்துவரும் இவ்வழியில் இறங்கினர். நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் ஒன்றையொன்று ஏவியும் தடுத்தும் நிற்கின்றன. அவையும் ஒரு வலையே. ஒரு மருந்து, ஒரு புரதம், ஒரு நோய் என்று நெடுங்காலம் எண்ணியிருந்த மருந்தியலாருக்கு இவ்வெண்ணம் புதுவழி காட்டிற்று. புற்றுநோயில் ஒரு புரதத்தை அடைத்தால், வைப்பின்காரர் பறவூர் வழியே செல்வதுபோல, உயிரணு வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. ஆகவே பல இடங்களைச் சிறிது சிறிதாகத் தொடும் மருந்தே சில நோய்களுக்கு ஏற்றதாகலாம் என்று ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்பார் 2007-இல் எழுதி, அதற்கு வலைப்பின்னல் மருந்தியல் எனப் பெயரும் இட்டார்.

பல சரக்கு சேர்த்துக் கஷாயம் காய்ச்சும் நாட்டில் பிறந்தவர்களுக்கு இச்சொல் தேனாக இனிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த இனிப்புப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சாமல் குழுவினர், 2018-இல், இந்திய மூலிகைகளைப் பற்றிய ஒரு பெருந்தொகுப்பைக் கணிப்பொறியில் ஏற்றி வெளியிட்டனர். இம்பாட் என்பது அதன் சுருக்கப் பெயர். 1742 மூலிகைகளும் 9596 இரசாயனப் பொருள்களும் அதில் இடம்பெற்றன. பின்னர் விரிவாக்கப்பெற்ற இரண்டாம் பதிப்பில் மூலிகைகள் 4010 ஆகவும், இரசாயனப் பொருள்கள் 17,967 ஆகவும் பெருகின. எந்தச் செடியின் எந்த உறுப்பில் எந்தப் பொருள் உள்ளது, எந்த உறுப்பு எந்த நோய்க்குப் பயன்படுகிறது என்பவற்றை எவரும் காசின்றிப் பார்க்கலாம். பொறுமையும் நேர்மையும் மிக்க பணி இது. இதனைச் செய்தோர்க்குத் தமிழ் மாணவர் நன்றி கூறக் கடமைப்பட்டவர்.

ஆனால் இத்தகைய தொகுப்புகளைக் கொண்டு நம் கல்லூரிகளிலே என்ன நடைபெறுகிறது? இறுதியாண்டுக் கட்டுரைக்கு ஒரு பொருள் வேண்டும். மாணவர் ஒரு மூலிகையை எடுக்கிறார். அதன் இரசாயனப் பொருள்களைத் தொகுப்பிலிருந்து இறக்குகிறார். ஒரு நோய்க்குரிய புரதத்தின் உருவத்தை வேறொரு தொகுப்பிலிருந்து இறக்குகிறார். பூட்டில் சாவி பொருந்துகிறதா என்று கணிப்பொறியைப் பார்க்கச் சொல்கிறார். கணிப்பொறி ஓர் எண்ணைத் தருகிறது. எண் நன்றாயிருந்தால், இம்மூலிகை இந்நோயைத் தீர்க்க வல்லது என்று முடிவுரை எழுதப்படுகிறது. இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது! 2020-இல் தமிழ்நாட்டு அரசு கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியபோது, அதன் 15 சரக்குகளையும் இவ்வாறு பொருத்திப் பார்த்த கட்டுரைகள் மழைக்கால ஈசல்போல் புறப்பட்டன. அவற்றுள் நல்லனவும் உண்டு. எனினும், பொருந்தும் என்பது வேறு, உடம்பினுள் சென்று சேரும் என்பது வேறு, நோய் தீரும் என்பது வேறு. மஞ்சளின் குர்க்குமினைப் போலச் சோதனைக்குழாயில் எல்லாவற்றோடும் பொருந்திய பொருள் பிறிதொன்றைக் காண்பது அரிது. ஆயினும் அதனை மனிதர்க்குக் கொடுத்து முறைப்படி நடத்திய சோதனைகளில் ஐயத்துக்கிடமின்றி வெற்றி பெற்றது ஒன்றும் இல்லை என்று 2017-இல் அமெரிக்க இரசாயன அறிஞர்கள் எழுதிவிட்டனர். பல இடங்களில் ஒட்டிக்கொள்வதே அதன் குணம். அதுவே சோதனையாளரை ஏமாற்றிற்று என்பது அவர் கருத்து.

வலைப்பின்னல் ஆராய்ச்சியே பயனற்றது என்று நான் கூற வரவில்லை. 2020-இல் 'சயன்ஸ்' இதழில் ரமணன் லட்சுமிநாராயணனும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வை நோக்குக. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கொரோனா கண்ட 84,965 பேரையும், அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் பற்றிய குறிப்புகள் அதற்கு ஆதாரம். சோதிக்கப்பட்ட தொடர்புகளுள், நோய் கண்டோரில் நூற்றுக்கு 71 பேர் எவர்க்கும் நோயைக் கொடுக்கவில்லை. நூற்றுக்கு 8 பேரிடமிருந்தே புதிய தொற்றில் 60 விழுக்காடு பரவியது. உலகம் முழுவதும் இவ்வெண்களை எடுத்துப் பேசிற்று. இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? முகமூடியும் நோட்டுப் புத்தகமுமாக வீடு வீடாக ஏறி இறங்கி, யாரோடு உண்டீர், எந்தப் பஸ்ஸில் சென்றீர் என்று கேட்டு எழுதிய சுகாதார ஊழியர்களிடமிருந்து வந்தன. கணிப்பொறி பின்னர் வந்தது. வலையின் ஒவ்வோர் இழையையும் ஒரு மனிதர் நடந்துபோய்க் கட்டினார். மூலிகை ஆராய்ச்சியில் நாம் விட்டுவிட்டது இந்த நடையைத்தான்.

விட்டதனால் வரும் நஷ்டம் சிறிதன்று. அனுபானம் என்னும் சொல்லை நம் பாட்டிமார் எல்லோரும் அறிவர். எதனோடு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது அது. மஞ்சளோடு மிளகு சேர்ப்பதை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், குர்க்குமினைத் தனியே உண்டவர்களின் இரத்தத்தில் அது ஏறக்குறையத் தென்படவேயில்லை. மிளகின் காரப்பொருளாகிய பிப்பரினை 20 மில்லிகிராம் கூட்டியபோது, உடம்பிற் சேரும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் உடம்பின் ஏற்பாடுகளைப் பிப்பரின் தடைசெய்கிறது. (இதே காரணத்தால், வேறு மருந்துகள் உண்பவர் மிளகுச் சத்து மாத்திரைகளைத் தம் விருப்பம்போல் விழுங்கலாகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) மட்டாஞ்சேரியின் கிடங்குகளில் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டு உலகை ஈர்த்த பண்டத்துக்கு வலைக்குள் இருக்கும் இடம் இது. அது தானே பெருமருந்து அன்று. ஆனால் வல்லார்பாடம்போல் வழியில் நிற்கிறது. செடி, உறுப்பு, பொருள், நோய் என்ற நான்கு கணுக்களை மட்டும் இணைத்துப் பார்ப்பவருக்கு இத்துணை தெரியாது. பறிக்கும் பருவம், காய்ச்சும் சூடு, சுத்தி செய்யும் முறை இவையும் தெரியா.

சீனத்தின் து யூயூ அம்மையார் 2015-இல் நோபெல் பரிசு பெற்ற வரலாற்றை நம்மில் பலர் வாசித்திருப்பர். மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர் குழு ஒரு மூலிகையைப் பலமுறை சோதித்தும் பலன் நிலையாகக் கிட்டவில்லை. நான்காம் நூற்றாண்டில் கோ ஹாங் எழுதிய மருத்துவ நூல் ஒன்று, அம்மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைப் பருகச் சொல்கிறது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது போலும் என்று அம்மையார் ஐயுற்றார். 1971-இல், குறைந்த சூட்டில் ஈதரைக்கொண்டு பிரித்தெடுத்தார். ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. மூலிகையின் பெயர் முன்பே பட்டியலில் இருந்தது. கதவைத் திறந்தது செய்முறையைக் கூறும் ஒரு வரி. அவ்வரியை வாசிக்கத் தெரிந்த ஒருவர்.

அத்தகைய வரிகள் நம் மொழியில் எத்தனை! தஞ்சைச் சரசுவதி மகாலிலும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் மருத்துவ ஏடுகள் உள்ளன. அவற்றை ஒரு கணிப்பொறி தானே வாசித்துவிடும் என்று நம்புவோர், பெயர் மயக்கம் என்ற ஒன்றை மறந்துவிடுகின்றனர். சங்கபுஷ்பி என்று வடமொழி நூல்கள் புகழும் மூலிகை எது? கேரளத்து வைத்தியர் நம் காக்கணங்கொடியைக் காட்டுவர். வடநாட்டார் தரையோடு படரும் வேறொரு பூண்டைக் காட்டுவர். விஷ்ணுகிரந்தியைக் காட்டுவோரும் உளர். மூன்றும் வெவ்வேறு செடிகள். ஒரே பெயரின்கீழ் மூன்றையும் கணிப்பொறியில் இட்டால், அது ஐயுறாது. மூன்றன் குணங்களையும் ஒரு செடியின் தலையில் ஏற்றி அழகிய வலை ஒன்றைப் பின்னித் தரும். படம் அழகாயிருக்கும், அச்சிலும் ஏறும். எவ்வூரில் எப்பெயர் எச்செடியைக் குறிக்கும் என்பதைத் தமிழும் தாவரவியலும் சேர்ந்தறிந்த ஒருவரே தீர்க்க இயலும். பொருத்திப் பார்க்கும் வேலையை உலகில் எவரும் செய்யலாம். இதனை நாம் செய்யாவிடின் செய்வார் இல்லை.

இவ்வேலை கொச்சிக்குப் புதிதன்று. வல்லார்பாடத்திலிருந்து காயலுக்கு அப்பால் தெரியும் கொச்சிக் கோட்டையில், 1670 முதல் 1677 வரை ஒல்லாந்தரின் மலையாளப் பகுதித் தலைவராக இருந்தவர் ஹென்றிக் வான் ரீடு. அவர் ஆக்குவித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' என்னும் மூலிகை நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. 742 தாவரங்கள் அதிற் கூறப்பெற்றுள. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியில் பிறந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், தம் குடும்பத்து ஏடுகளில் உள்ளவற்றையும் பழக்கத்தால் தாம் அறிந்தவற்றையும் எடுத்துரைத்தார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் உடனிருந்தனர். (மட்டாஞ்சேரிச் செறளாயில் இன்றும் கொங்கணி பேச்சு நம் காதில் விழுகிறதன்றோ.) காட்டிலிருந்து செடி கொண்டுவரப்பட்டது, ஓவியர் வரைந்தனர், வைத்தியர் பெயரும் பயனும் கூறினர், மொழிபெயர்ப்பாளர் எழுதினர். ஒரு செடிக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களைப் படத்தின் மேலேயே பொறித்தனர். பெயர் மயக்கத்துக்கு அவர்கள் கண்ட மருந்து அது. லின்னேயஸ் தம் 1753-ஆம் ஆண்டு நூலுக்கு இதனைப் பயன்படுத்தினார். ஏலத்தின் விஞ்ஞானப் பெயராகிய எலெட்டாரியா நம் ஏலத்தரியே. மொரிங்கா நம் முருங்கையே.

யான் வியப்பது இவற்றினும் பிறிதொன்றை. 1675 ஏப்ரலில் இட்டி அச்சுதன் தம் கையெழுத்தில் கொடுத்த சான்றிதழ், வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்திலேயே, நூலின் முதற்பாகத்தில் அச்சிடப்பெற்றது. இன்னார் வீட்டு இன்னார் சொன்னது இது என்று ஆண்ட வெள்ளையனும் அச்சில் ஒப்புக்கொண்டான்! நம் காலத்துக் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். புரதத்தின் பெயருக்கு ஆதாரம் உண்டு. கணிப்பொறி நிரலுக்கு ஆதாரம் உண்டு. மூலிகையின் பயனைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'மரபுவழியாகப் பயன்பட்டு வருகிறது' என்ற ஒரு வரி. எவர் மரபு? எந்த ஊர்? கேட்டது யாரை?

ஒல்லாந்தரைப் புகழ்ந்து தள்ளவும் மனம் வரவில்லை. அந்நூல் இலத்தீனில் வந்தது. எவர் அறிவால் ஆயிற்றோ அவர் மக்களால் அதனை வாசிக்க முடியவில்லை. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால், இதற்கென்றே இலத்தீன் கற்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ஒவ்வொரு செடியையும் மீண்டும் தேடிக் கண்டு, 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் வெளிவரச் செய்தார். இறுதிப் பாகம் வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 310 ஆண்டுகள் கழிந்தே ஆங்கிலம் அறிந்த மலையாளியேனும் அதனை வாசிக்கலானான். அப்பெரியார் 2025 ஜனவரி முதல் நாள் காலமானார். நாம் இன்று ஏற்றும் தொகுப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே நிற்குமாயின், மூலிகையைக் காட்டிய மூதாட்டிக்கு அதுவும் ஓர் இலத்தீனே.

இனி, ஏட்டில் எழுதுவதிலும் ஓர் இடர் உண்டு. அதனை மறைத்துப் பேசுவது முறையன்று. 1987-இல் அகத்தியமலையில் ஆராய்ச்சிக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்ட வந்த காணிக்காரர் சிலர் ஒரு காயை மென்று களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துப் பாலோட்டில் உள்ள தாவரத் தோட்ட நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தை ஆக்கி, 1995-இல் கோயமுத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் அளித்தது. அதில் பாதியைக் காணிக்காரருக்கு ஒதுக்கிற்று. 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. குறைகள் இருந்தபோதிலும் உலகுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இத்தகைய பங்கீட்டைக் கடமையாக்கிற்று. 2023-இல் அச்சட்டத்தைத் திருத்தியபோது, நூல்வழி முறைப்படுத்தப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்கு அக்கடமையிலிருந்து விலக்களித்துவிட்டனர். எது நூல்வழி அறிவு, எது வாய்வழி அறிவு என்ற எல்லை எங்கே என்பதே இப்போது வழக்காகிறது. ஒரு மலைவாழ் முதியவர் நம்பிச் சொன்னதை, அவர் அறியாமல் நாம் பட்டியலில் ஏற்றினால், அவர் பேரப்பிள்ளைகளுக்கு வரக்கூடிய பங்கை நம் கையாலேயே எடுத்துவிடுதலும் கூடும். ஆதலின் கேட்டு எழுதவேண்டும். ஏன் எழுதுகிறோம், எங்கே செல்லும் என்பதை அவர் மொழியில் விளக்கி, வேண்டாமென்றால் நோட்டை மூடிவிடவேண்டும். இரண்டு வாரத்தில் முடியும் வேலையன்று இது. மதிப்பெண்ணும் குறைவாகவே வரும்.

எனினும் நம் சங்கம் செய்யத்தக்கது என்று நான் கருதுவது இதுவே. கணிப்பொறி கற்போர் நம்மிடையே நிறைய உளர். தாவரவியல் கற்போர் சிலர். தமிழ் ஏடு வாசிக்கத் தெரிந்தோர் ஒருவரோ இருவரோ. இம்மூவரும் ஒரே விடுதியில் உண்டு உறங்கியும் ஒரு கட்டுரைக்கு ஒன்றுசேர்ந்ததில்லை. இவ்வாண்டு சேர்ந்து பார்க்கலாமே. நூறு செடி வேண்டா, பத்துப் போதும். ஊர்ப்பெயர், உலர்த்திய மாதிரி, உறுப்பு, பருவம், செய்முறை, அனுபானம், ஒப்புதலோடு சொன்னவர் பெயர் இவ்வளவும் ஒவ்வொன்றுக்கும் இருக்கட்டும், தமிழிலும் இருக்கட்டும். அதன்பின் எவர் வேண்டுமாயினும் வலை பின்னிக்கொள்ளட்டும்.

தொடங்குமிடம் தொலைவில் இல்லை. கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்னுமிடத்தில் சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. ஒல்லாந்தர் படையின் உடை வெளுக்கத் தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. தலைமுறை பல மலையாளக் கரையில் கழிந்த அவ்வீடுகளில், மூலிகைகளுக்கு வழங்கும் பெயர்கள் தமிழோ மலையாளமோ இரண்டும் கலந்ததோ என்பதை அறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வல்லார்பாடம் வழியே வைப்பினுக்குச் சென்று, அங்கிருந்து படகில் கோட்டைக்கு இறங்கலாம். வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். தாவரவியல் மாணவர் ஒருவரேனும் கட்டாயம் வேண்டும்.